ஆலை மூடினால் தெருவும் மூடும்

(சிவகாசி வட்டாரப் பட்டாசு, மில், விவசாயத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பொருளாதார மந்தம், பொருளாதார மந்தம் என்று பத்திரிகைகளிலே எழுதுகிறார்கள். ஏதோ பம்பாயிலும் நியூயார்க்கிலும் பங்கு மார்க்கெட்டில் நடக்கிற சங்கதி, நமக்கு என்ன என்று நாம் இருந்துவிடுகிறோம். அது தவறு. மந்தம் என்பது நம் தெருவுக்கு வருகிற சங்கதி. அது எந்த வழியாக வருகிறது? யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுகிறது? யார் வீட்டுப் பக்கமே போவதில்லை? இதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில் நாம் அனுபவித்ததையே எடுத்துக்கொள்வோம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். வாராவாரம் ரொக்கமாகக் கூலி வாங்கிய நம் கைக்குப் பணம் வருவது நின்றது. 2017 ஜூலையில் பட்டாசுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதம் என்றார்கள். நவம்பரில் 18 ஆகக் குறைத்தார்கள். அதற்குள் அந்த வருஷத்துத் தீபாவளி முடிந்துவிட்டது. 2018 அக்டோபர் 23ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பச்சை உப்பு என்று நாம் சொல்லும் பேரியம் நைட்ரேட் கூடாது, சரவெடி கூடாது, மாசு குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம் என்றது தீர்ப்பு. அந்தப் பசுமைப் பட்டாசுக்கு எந்த மருந்தை எந்த அளவில் சேர்ப்பது என்று அன்று நம் ஊரில் சொல்வாரில்லை. தீபாவளி முடிந்ததும் ஆலைகளை அடைத்தார்கள். மாதக் கணக்கில் திறக்கவில்லை. பிறகு 2020ல் கொரோனா ஊரடங்கு. அந்தத் தீபாவளிக்கு டெல்லி, ராஜஸ்தான், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய இடங்களில் வெடிக்குத் தடை.

ஐந்து வருஷத்துக்குள் நான்கு அடி. ஒவ்வொரு அடியும் எங்கே விழுந்தது என்று பாருங்கள்.

ஒரு கதவு அடைபட்டால்

அந்த 2019 தை மாதம் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு இயக்க வேலையாகப் போயிருந்தோம். விடியற்காலையில் பயராபீஸ் வேன் வந்து நிற்கிற இடத்திலே ஆள் இல்லை. டீக்கடைக்காரர் பற்று நோட்டை நம் முன்னே விரித்தார். "தோழர், வழக்கமாக சனிக்கிழமை சம்பளம் வந்தால் இந்தப் பேர்களையெல்லாம் அடித்துவிடுவேன். கார்த்திகையிலிருந்து ஒரு பேரும் அடிக்கவில்லை. பால்காரருக்கு நான் பாக்கி. பால்காரர் புண்ணாக்குக் கடைக்குப் பாக்கி" என்றார்.

இதுதான் மந்தம் தெருவில் நடந்து போகிற வழி. கூலிக்காரி கையில் காசு இல்லை. பலசரக்குக் கடையில் சரக்கு நகரவில்லை. வெடிப்பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சாபீசில் இரண்டு ஷிப்டு ஒரு ஷிப்டானது. அட்டைப் பெட்டிக் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். லாரி ஷெட்டிலே சுமை தூக்குகிறவர் சும்மா உட்கார்ந்தார். தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. குழுக்கடன் தவணைக்கு வாரம் தவறாமல் வாசலில் வந்து நின்றார்கள். காலேஜில் சேர்ந்த பெண் வீட்டுக்குத் திரும்பினாள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாதங்களில் வட்டிக்கடை அடைக்கப்படவில்லை. அங்கேதான் கூட்டம்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "பட்டாசுக்காரன் கஷ்டம் அவனோடு; நமக்குக் காட்டு வேலை இருக்கிறது" என்று நினைக்க முடிந்ததா? முடியவில்லை. பயராபீஸ் அடைத்ததும் அத்தனை பேரும் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் காட்டுக்கு வந்தார்கள். நேற்று ஐந்து பேருக்கு இருந்த வேலைக்கு இன்று இருபது பேர். "இந்தக் கூலிக்கு வருவதானால் வா, வெளியே ஆள் நிற்கிறது" என்றார்கள். இதே பேச்சை மில் வாசலிலும் கேட்டோம். ஆக, ஒரு தொழிலில் வந்த மந்தம் அடுத்த தொழிலின் கூலியைத் தின்கிறது. பட்டாசுத் தொழிலாளியின் பசியைக் காட்டி விவசாயத் தொழிலாளியின் கூலியைக் குறைக்கிறார்கள்.

அமெரிக்காவின் கதை

சரி, பணக்கார நாடாகிய அமெரிக்காவிலே எப்படி? அங்கேயும் இதே கதைதான். அளவுதான் பெரிது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. 1933ல் அந்த நாட்டுத் தொழிலாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வாடகை கொடுக்க முடியாதவர்களின் பண்ட பாத்திரங்களைத் தெருவில் தூக்கி எறிந்தார்கள். ஜனங்கள் தகரத்தையும் அட்டையையும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். அப்போதைய ஜனாதிபதி ஹூவர் பெயராலேயே அந்தக் குடிசைப் பகுதிகளை 'ஹூவர்வில்' என்று கேலியாக அழைத்தார்கள்.

டெட்ராய்ட் என்று ஒரு நகரம். மோட்டார் கார் செய்வதில் பேர் போனது. நமக்குச் சிவகாசி எப்படியோ, கார் தொழிலுக்கு டெட்ராய்ட் அப்படி. 1932 மார்ச் 7ல் வேலையிழந்த ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் அந்த நகரிலிருந்து போர்டு கம்பெனியின் ஆலையை நோக்கிப் பசி ஊர்வலம் போனார்கள். வேலை கேட்டார்கள், நிவாரணம் கேட்டார்கள். துப்பாக்கிக் குண்டு கிடைத்தது. அன்றே நான்கு பேர் மாண்டார்கள். காயம்பட்ட ஒருவர் பிறகு இறந்தார்.

அந்த டெட்ராய்ட்டில் 1950ல் ஜனத்தொகை சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம். 2010ல் சுமார் 7 லட்சத்து 14 ஆயிரம். ஒரே தொழிலை நம்பிய ஊர் அது. ஆலைகள் வேறிடம் போயின. வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். போக வழியில்லாத ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், மிஞ்சினார்கள். 2008ல் மறுபடி பெரிய நெருக்கடி வந்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களின் வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். தெருவில் ஒரு வீடு காலியானால் பக்கத்து வீட்டின் விலை விழுகிறது. நாலு வீடு காலியானால் கடை மூடுகிறது. வரி வராவிட்டால் நகரசபை விளக்குப் போடுவதில்லை. 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகரமே திவால் மனுக் கொடுத்தது. அப்போது அங்கே தெருவிளக்குகளில் நூற்றுக்கு நாற்பது எரியவில்லை!

பாங்குகளுக்கு என்ன ஆயிற்று? 2008ல் அவைகளைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டாலர் வரை செலவிட அமெரிக்க சர்க்கார் சட்டமே செய்தது. வீட்டை இழந்தவனுக்கு அந்த வேகத்தில் யாரும் சட்டம் செய்யவில்லை.

கேட்டவனுக்குக் கிடைத்தது

ஆனால் அமெரிக்கத் தொழிலாளி அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை. 1930களில் வேலையில்லாதோர் சங்கங்கள் ஊர் ஊராக ஏற்பட்டன. ஒரு வீட்டுச் சாமானைத் தெருவில் போட்டால், அக்கம் பக்கத்தார் கூடி, அதைத் திரும்ப வீட்டுக்குள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்தே செய்தார்கள். வேலை பறிபோன காலத்தில் படி கொடு என்று விடாமல் கேட்டார்கள். 1935ல் அது சட்டமாயிற்று.

அந்தச் சட்டத்திலே ஒரு ஓட்டை இருந்தது. விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் அந்தப் படி இல்லை என்று வைத்தார்கள். ஆலைத் தொழிலாளி சங்கமாக நின்றான், பெற்றான். தெற்கே பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்புக் கூலி தனியே விடப்பட்டான், இழந்தான். நமக்கு இதிலே பெரிய படிப்பினை இருக்கிறது.

நாம் கேட்பது என்ன?

கிழக்குக் கடற்கரையிலே வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் குஞ்சு பெருக வேண்டும்; நியாயம். அந்தத் தடைக் காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு மாநில அரசு நிவாரணத் தொகை தருகிறது. மீனவர்கள் கேட்டுப் பெற்ற உரிமை அது. அப்படியானால், காற்று கெடாமல் இருக்கப் பட்டாசுக்குத் தடை போடும்போது அந்த நாட்களுக்கு நம் அடுப்பு எரிய யார் பொறுப்பு?

டெல்லித் தொழிலாளியின் மூச்சுக்கு நாம் விரோதிகள் அல்ல. அவன் பிள்ளையும் நம் பிள்ளைதான். தடை நியாயமா, இல்லையா என்பது ஒரு விவகாரம். தடையின் செலவை யார் சுமப்பது என்பது வேறு விவகாரம். ஊருக்கே நன்மை என்றால் ஊரே சுமக்கட்டும். திரி வெட்டுகிற பெண்ணின் தலையில் மட்டும் ஏன் ஏற்ற வேண்டும்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மந்தம் கழிந்து ஆர்டர் வரும்போது, இழந்த நாளைப் பிடிக்க வேண்டும் என்று அவசரம். ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறார்கள். நாமும் கடனை அடைக்க வேண்டும் என்று கூடுதல் எண்ணிக்கைக்கு ஓடுகிறோம். 2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்களை இழந்தோம். 2021 பிப்ரவரி 12ல் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டவர்களை இழந்தோம். வாங்கிய முன்பணம் கழுத்தைப் பிடித்திருக்கிறபோது, "இந்த அறையில் ஆள் அதிகம், நான் உட்கார மாட்டேன்" என்று எந்தத் தாய் எழுந்து வர முடியும்?

ஆகவே தோழர்களே, நாளையிலிருந்து செய்ய வேண்டியது இது.

முதலாவது, பேரைப் பதிவு செய்யுங்கள். இ.எஸ்.ஐ.யில் வேலை இழந்தவருக்குப் படி தரும் திட்டம் உண்டு. பதிவேட்டில் பேர் இல்லாதவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. பீஸ் ரேட்டுக்காரரின் பேரும் பதிவேட்டில் ஏற வேண்டும், பி.எப். பிடிக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த நாள் வேலை செய்தோம், எத்தனை குரோஸ் முடித்தோம், எந்த நாள் ஆலை அடைத்தது என்று பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு நிவாரணம் கேட்கும்போது அந்த நோட்டு பேசும்.

மூன்றாவது, ஆலை அடைத்த காலத்திலே காட்டு வேலைக்குப் போனால், அந்த ஊர் விவசாயத் தொழிலாளி வாங்குகிற கூலிக்குக் குறைத்துப் போகக் கூடாது. விவசாயத் தொழிலாளியும் "வெளியூரான் வந்துவிட்டான்" என்று விரட்டக் கூடாது. இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஒரே கூலியைப் பேசி முடிக்க வேண்டும்.

தடைக் காலப் படி வேண்டும் என்ற கோரிக்கையைப் பட்டாசுத் தொழிலாளி மட்டும் எழுப்பினால் அது சிவகாசியோடு நின்றுவிடும். பஞ்சாலைத் தொழிலாளியும் தீப்பெட்டித் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் சேர்ந்து எழுப்பினால் கோட்டை வரை கேட்கும். சட்டம் வருகிற நாளில் யார் பேரும் அதில் விடுபடக் கூடாது. அமெரிக்கப் பருத்திக் காட்டுக் கூலிக்கு நேர்ந்தது நம் கரிசல் காட்டுக் கூலிக்கு நேரக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் உங்கள் ஊர்ப் பெயரையும், உங்கள் தெருவில் பதிவேட்டில் பேர் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் தோழரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.