வெள்ளையடித்த டாங்கி



"டேங்க்குக்குப் பெயின்ட் அடிக்கணும்" என்று நான் சொன்னால் எங்கள் வீட்டில் எல்லோரும் மொட்டை மாடியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 1915-இல் ஆங்கிலேயர்கள் டாங்கி என்னும் போர் வண்டியைச் செய்யத் தொடங்கியபோது, விஷயம் வெளியே கசியக் கூடாதென்று தண்ணீர்த் தொட்டி செய்வதாகத்தான் சொல்லிவைத்தார்கள். ரகசியம் உடைந்த பிறகும் தொட்டி என்ற பெயர் வண்டியோடு ஒட்டிக்கொண்டது.

என் மேசையில் இருப்பது டி-34 என்னும் சோவியத் டாங்கி. அசல் வண்டி பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறக்குறைய 6.7 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். என்னுடைய பிளாஸ்டிக் மாதிரி அதில் 35-இல் ஒரு பங்கு. 19 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. நூறு, ஐம்பது என்று கணக்குக்குச் சுலபமான எண்கள் இருக்க, இது என்ன 35 என்று கேட்பீர்கள். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடுகிற மாதிரியாகச் செய்து விற்றது. உள்ளே மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டும். அதற்கேற்ப ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள். பொம்மை நன்றாக விற்றது. அடுத்த டாங்கியையும் அதே அளவில் செய்யலாமென்று அளந்து பார்த்தால், ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. பேட்டரிக்கு இடம் விட்ட அந்தக் கணக்குதான் இன்று உலகம் முழுக்க டாங்கி மாதிரி செய்கிறவர்களின் அளவுகோல்.

ஒட்டுகிற வேலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாகங்களை அவை கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பசை தொட்டு ஒட்ட வேண்டும். பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். பெயின்ட் அடிக்குமுன் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க மட்டும் மறக்காதீர்கள். பிளாஸ்டிக் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வரட்டும் என்று பூசிய பிசுக்கு அதில் மிச்சம் இருக்கும். அதன்மேல் எந்த வண்ணமும் பிடிக்காது.

வேடிக்கையே பெயின்ட் டப்பாவைத் திறந்த பிறகுதான். நாம் எதற்கு வண்ணம் பூசுவோம்? கும்பாபிஷேகம் வந்தால் கோபுரத்துக்கு, மாட்டுப் பொங்கல் வந்தால் கொம்புக்கு, நவராத்திரி வந்தால் மூக்கு உடைந்த கொலுப் பொம்மைக்கு. பழசு புதுசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இங்கே எல்லாம் தலைகீழ். நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த பளபளப்பான பிளாஸ்டிக், மூன்று மாதம் பனியிலும் சேற்றிலும் கிடந்ததுபோல் தெரிய வேண்டும். இதை வெதரிங் என்பார்கள். வெயிலும் மழையும் செய்கிற வேலையை நாம் பிரஷ்ஷால் செய்வது.

நான் எடுத்துக்கொண்டது 1942-இன் குளிர்காலம், ஸ்டாலின்கிராட். அந்த நவம்பர் 19-ஆம் தேதி செம்படை எதிர்த்தாக்குதலைத் தொடங்கி, நான்கே நாளில் ஜெர்மானியரின் ஆறாவது படையைச் சுற்றி வளைத்தது. அதில் டி-34-களுக்குப் பெரிய பங்கு. தொழிற்சாலையிலிருந்து அவை பச்சை நிறத்தில் வந்தவை. பனிவெளியில் பச்சை வண்டி, வேட்டியில் பட்ட மைக்கறை மாதிரி. எத்தனை தூரத்திலிருந்தும் கண்ணில் படும். அதனால் பச்சையின்மேல் வெள்ளை அடித்தார்கள். சுண்ணாம்பு, சாக்குக்கட்டிப் பொடி என்று கிடைத்ததைக் கரைத்து, பிரஷ்ஷோ துடைப்பமோ கைக்கு வந்ததால் இழுத்துவிட்டார்கள். பனி உருகியதும் கழுவி எடுத்துவிட வேண்டுமே, அதனால் அது நின்று நிலைக்கிற பெயின்ட் அல்ல.

முதல் வண்டியை நான் மிகுந்த அக்கறையோடு கெடுத்தேன். ஏர்பிரஷ்ஷால் சீராக வெள்ளை அடித்து, எல்லா விளிம்பிலும் மூலையிலும் கத்தி முனையால் சுரண்டி, சுரண்டிய இடத்திலெல்லாம் வெள்ளி நிறம் தொட்டு வைத்தேன். அலமாரியில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அது ஒரு மார்கழிக் கடைசி. பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு பெரியவர் வந்திருந்தார். சாப்பாட்டு வேளையில் கை கழுவிவிட்டு வந்தவர், அலமாரி முன் நின்றுவிட்டார்.

"இதுக்கு மேல அடிச்சிருக்கறது என்ன சார், சுண்ணாம்பா?"

"சுண்ணாம்பு மாதிரி தெரியணும்னு அடிச்சதுண்ணே. ரஷ்யாக்காரங்க பனியில மறைஞ்சுக்க இப்படிப் பண்ணுவாங்க."

"வஜ்ரம் போடுவாங்களா?"

வஜ்ரம் தெரியாத இளம் நேயர்களுக்கு: சுண்ணாம்புத் தண்ணீரில் காய்ச்சி ஊற்றும் ஒரு பசை. அது இல்லாவிட்டால் சுவரில் சாய்ந்தவர் சட்டை முதுகில் சுவர் வந்துவிடும். "அதிகம் போட்டிருக்க மாட்டாங்க, பனி போனதும் கழுவணுமில்ல" என்றேன்.

"அப்படின்னா இது தப்பு சார். வஜ்ரம் இல்லாத சுண்ணாம்பு ஆள் சாயற இடத்துல போகும். கை வெச்சு ஏர்ற இடத்துல போகும். தண்ணி வடியற இடத்துல கோடு கோடாப் போகும். நீங்க மூலைக்கு மூலை சொரண்டி வெச்சிருக்கீங்க. மூலையில யார் சார் போய்ச் சாயறது?"

சொல்லிவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மாதிரி டாங்கிகளைப் பற்றிய புத்தகங்களும் படங்களும் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அடுத்த வண்டியை எடுத்தபோது பிரஷ்ஷைத் தொடுமுன் ஒரு தாளில் எழுதினேன்: இந்த வண்டியில் யார் எங்கே கால் வைத்தார்கள்? ஓட்டுநர் முன் தகட்டில் உள்ள கதவு வழியாக நுழைவார். அந்தக் கதவின் விளிம்பும் அதற்குக் கீழே பூட்ஸ் உரசும் இடமும் தேய வேண்டும். பீரங்கிக் கோபுரத்தின் மேல்மூடிகளைச் சுற்றித் தேய வேண்டும். பின்பக்கம் இன்ஜின் மூடிமேல் காலாட்படை வீரர்கள் தொற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ளவே கம்பிகள் வைத்திருந்தார்கள். அங்கே வெள்ளை பாதிக்குமேல் போயிருக்கும். பின் தகட்டில் இரண்டு புகைக்குழாய்கள், டீசல் புகை; அங்கே வெள்ளை கறுத்திருக்கும். இன்ஜின் சூட்டில் உருகிய பனி சரிவான தகட்டில் இறங்கிக் கோடு போட்டிருக்கும். யாரும் தொடாத, எதுவும் உரசாத கோபுரப் பக்கவாட்டில் வெள்ளை அப்படியே இருக்கட்டும். எந்த இடத்தை விட்டுவைப்பது என்று எழுதத்தான் வெகு நேரமானது.

இனி கைவேலை. முதலில் பிரைமர், அதன்மேல் பச்சை. அசலைவிட ஒரு மாற்று வெளுத்த பச்சை. முழு வண்டியின் நிறத்தை அப்படியே ஒரு சாண் வண்டிக்கு அடித்தால் கன்னங்கரேலென்று விழும். பச்சை நன்றாகக் காய்ந்ததும், தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயைக் கொஞ்சம் எட்டப் பிடித்து இரண்டு முறை அடிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். அது காய்ந்ததும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வெள்ளையை மெல்லியதாக, வேண்டுமென்றே திட்டுத்திட்டாகப் பூசுகிறோம். நான் இங்கே ஏர்பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டுச் சாதாரண பிரஷ்ஷால்தான் இழுத்தேன். அங்கே அடித்தவனிடமும் துடைப்பம்தானே இருந்தது?

அரை மணி கழித்து, தேய வேண்டிய இடத்தை மட்டும் தண்ணீரால் நனைத்துவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் மெல்லிய வெள்ளையை ஊடுருவி அடியிலுள்ள ஹேர் ஸ்பிரேயை இளக்கும். பிடிமானம் போன வெள்ளையை மயிர் குறைத்த கெட்டிப் பிரஷ்ஷால் குத்தினால், முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு ஊசிமுனை அளவு பச்சை எட்டிப்பார்க்கும். அதை ஒட்டி இன்னொன்று. நான்காவது குத்தில் ஒரு சிறு செதில் அப்படியே பெயர்ந்து பிரஷ்ஷோடு வரும். ஓரம் ஒழுங்கில்லாமல், மழைக்காலத்துக்குப் பிறகு காம்பவுண்டுச் சுவர் உரிவது எப்படியோ அப்படி. கத்தியால் சுரண்டி இந்த ஓரத்தைக் கொண்டுவரவே முடியாது. ஆனால் ருசி கண்ட கை நிற்காது. நிறுத்தத் தெரியாமல் ஒரு பக்கத்தைப் பாதிப் பச்சையாக்கி, மறுபடி வெள்ளை பூசியிருக்கிறேன்.

வெள்ளை போனால் தெரிய வேண்டியது பச்சை. பச்சையும் போன இடத்தில்தான் எஃகு, அதுவும் கறுத்த எஃகு. நான் முதல் வண்டியில் தொட்ட பளிச்சென்ற வெள்ளி எங்கேயும் கிடையாது. அப்புறம் அளவு: நம் பிரஷ்ஷில் ஒரு மில்லிமீட்டர் கீறல், அசல் வண்டியில் மூன்றரை சென்டிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டருக்குப் பெயின்ட் பெயர்ந்தால் அது கீறல் இல்லை, காயம். இப்படி இருநூறு காயம் போட்டு வைத்த வண்டிகளுக்குப் பரிசு கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை.

துரு விஷயத்திலும் அப்படித்தான். காயலான் கடை இரும்பு மாதிரி துருவேற்றிவிடுவது பலருக்குப் பிடிக்கும். போரில் பல டி-34-கள் சில வாரங்களைக்கூடத் தாண்டவில்லை. துரு பிடிக்க அவற்றுக்கு நேரம் ஏது? சூடு தாங்கிப் பெயின்ட் எரிந்துபோன புகைக்குழாயில் துரு நியாயம். மற்ற இடத்தில் அடக்கம் வேண்டும்.

சக்கரத்துக்கு வந்தால், 1942-இல் ரப்பர் தட்டுப்பாடு. பல வண்டிகளுக்கு ரப்பர் விளிம்பு இல்லாத எஃகுச் சக்கரம் மாட்டியே அனுப்பினார்கள். எஃகுச் சங்கிலியின்மேல் எஃகுச் சக்கரம் உருண்டால் இரண்டும் பட்ட இடம் கண்ணாடியாக மின்னும். இந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் வேண்டாம். பென்சில் முனையைத் தூளாக்கி விரலால் தேய்த்தால் போதும், அந்த மினுக்கு வரும். சங்கிலியின் வெளிப்பக்கம் தரையில் அழுந்தும் மேடுகளுக்கும் அதே பென்சில் தூள்தான். பள்ளத்தில் சேறு.

இடுக்குகளுக்கு, பர்ன்ட் அம்பர் என்னும் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் தேநீர் நிறத்துக்குக் கரைத்து, நுனிப் பிரஷ்ஷால் ஒரு ஆணித் தலையின் அடியில் தொட வேண்டும். தானாக இழுத்துக்கொண்டு ஓடும். அடியில் இருப்பது அக்ரிலிக் என்பதால் அதை டர்பன்டைன் கரைப்பதில்லை. அதிகமானதை மேலிருந்து கீழாகத்தான் இழுக்க வேண்டும், தண்ணீர் ஓடுகிற திசையில். சந்தேகம் வந்தால் தெருவில் நிற்கும் தண்ணீர் லாரியைப் போய்ப் பாருங்கள். மூடியிலிருந்து வழிந்த கோடும், சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடித்த விசிறியும், ஏணிப்படியில் மட்டும் பெயின்ட் இல்லாததும் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஐப்பசி மழை நாளில், ஜன்னல் கண்ணாடி வேர்த்துக்கொண்டிருந்தபோது, மூன்று வாரம் உழைத்த இன்னொரு வண்டிக்கு மங்கல் வார்னிஷ் அடித்தேன். காற்றிலிருந்த ஈரம் வார்னிஷ்ஷில் மாட்டிக்கொண்டு வண்டி முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது. பனிக்காலத்து வண்டியாக இருந்தாலாவது சமாளித்திருப்பேன். அது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்து வண்டி. நம் கடலோர ஊர்களில் வார்னிஷ் வேலையைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

அடுத்த பொங்கலுக்கும் அதே பெரியவர் வந்தார். புது வண்டியை நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைக் காட்டி, "இங்க ஆளுங்க உக்காந்து போனாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தெரியுது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த வண்டியை நான் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை.

ஆசை வந்த நேயர்கள் உடனே விலை உயர்ந்த கிட் வாங்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் பச்சை, ஹேர் ஸ்பிரே, வெள்ளை என்று பூசி, நாலு முறை உரித்துப் பழகுங்கள். ஹேர் ஸ்பிரேயும் டர்பன்டைனும் தீப்பிடிக்கும். அடுப்பிருக்கும் அறையில் வேண்டாம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.