பிள்ளைத்தாய்ச்சியின் நலம் கேட்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கர்ப்ப காலத்தில் பெண்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். யாரைக் கேட்டாலும் "ஸ்கேன் நார்மல், பிரஷர் நார்மல்" என்பார்கள். நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரம் என்று நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: உடம்பு, மனசு, உறவு, சுற்றுச்சூழல். டாக்டரம்மா பெரும்பாலும் முதல் ஒன்றைத்தான் பார்க்க முடியும். மற்ற மூன்றும் வீட்டிலும், கம்பெனியிலும், நம்ம குழுவிலும் இருக்கிறது.

வேலூர் சி.எம்.சி. எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். சுமார் 130 வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனார்கள். பக்கத்திலேயே டாக்டர் இருந்தார். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டு ஆண்கள் முடிவு செய்தார்கள். அந்த டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர் அதைப் பார்த்துத்தான் மருத்துவம் படித்து, 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். அந்த மூன்று பெண்களின் உயிரை முடிவு செய்தது மருந்து இல்லை, சுற்றி இருந்த மனுஷங்க. இன்றைக்கும் அது பாதி உண்மை.

முதலில் சாப்பாடு. ஆம்பூர் பிரியாணி ஊர் உலகத்துக்கே தெரியும். ஆனால் சமைத்தவள் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. வளைகாப்பு அன்றைக்கு விதவிதமாகச் சாதம் கட்டி ஊட்டுகிறோம். அடுத்த நாள்? முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, கடலை தினமும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீங்க, சத்து உடம்பில் சேராது.

அடுத்தது வேலை. நான் பதினோரு வருஷம் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். என் பெரியவள் வயிற்றில் இருந்தபோது, பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார் என்று தண்ணியே குடிக்க மாட்டேன். கடைசியில் நீர்க்கடுப்பு, காய்ச்சல். சிறுநீர்த் தொற்று முற்றினால் குறைமாதப் பிரசவம் வரை போகலாம் என்று நர்ஸம்மா சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். வீட்டில் தண்ணி நிலைமையும் தெரிந்ததே. தோல் கழிவு இந்தப் பக்கத்து நீரைக் கெடுத்ததை 1996ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பில் சொன்னது. நல்ல தண்ணிக்காக ஏழாம் மாசத்திலும் இடுப்பில் குடம் தூக்குகிறோம்.

கம்பெனியில் இருப்பவர்கள் கேளுங்க. மகப்பேறு விடுப்பு 12 வாரமாக இருந்தது, 2017ல் முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரமானது. இ.எஸ்.ஐ. இருந்தால் அந்தச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.யே கொடுக்கும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து 18,000 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிவு செய்துவிடுங்க.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்கு அப்பர் தைக்கிறவளுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, லீவும் இல்லை. சொலுஷன் வாடை அடிக்கிற அதே அறையில்தான் படுக்கையும். தைத்தால்தான் காசு. ஒன்பதாம் மாசம் வரைக்கும் முதுகு ஒடியக் குனிஞ்சு தைக்கிறாள். எதுக்கு? வாரத் தவணை கட்டணுமே! அந்தத் தவணையை வாங்குவது வேறு யாரும் இல்லை, நாமதான்.

அதனால் மூன்று கோரிக்கை வைக்கிறேன். ஏழாம் மாசம் முதல் பிரசவமாகி மூன்று மாசம் வரை, அந்த உறுப்பினர் உள்கடனுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போடட்டும். வங்கிக் கடன் தவணையை மற்றவர்கள் பகிர்ந்து கட்டி, பிறகு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது, செக்கப்புக்குப் போகும்போது குழுவில் ஒருத்தி கூடப் போகணும். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், குழந்தை அசைவு குறைவு, இதில் எது தெரிந்தாலும் மாமியாரோ வீட்டுக்காரரோ வரட்டும் என்று காத்திருக்காமல் 108க்குப் போன் போடணும். மூன்றாவது, வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதும் முன்னால் கேளுங்க: "சாப்பிட்டியாம்மா? தூங்குறியா? மனசு நல்லா இருக்கா?" அவள் அழுதால், "புள்ளத்தாச்சி அழக்கூடாது"ன்னு வாயை அடைக்காதீங்க. அழவிட்டு, என்னன்னு கேளுங்க.

தீர்மானப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் போதும். அடுத்த கூட்டத்திலேயே எழுதிவிடலாம்.