டல்ஹௌசி தட்டில் விட்டுப்போன பழம்

இந்த எபிசோடை ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல கோயில் மணி கேட்டா கண்டுக்காதீங்க.

அரசியல் நையாண்டின்னா நமக்கு மீம்தான் ஞாபகம் வரும். இன்னிக்கு நான் பேசப்போறது 1977-ல் சத்யஜித் ராய் எடுத்த ‘சத்ரஞ்ச் கே கிலாடி’. பிரேம்சந்தோட கதை. 1856-ல் கிழக்கிந்தியக் கம்பெனி லக்னோவை விழுங்கப் போகுது. ஊர்ப் பெரிய மனுஷங்க ரெண்டு பேர் சதுரங்கம் ஆடிக்கிட்டே இருக்காங்க.

படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல ஒரு கார்ட்டூன் வரும். குழந்தைக்குக் கதை சொல்ற மாதிரி அமிதாப் பச்சன் குரல். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி செர்ரிப் பழம் சாப்பிடுறார். ஒவ்வொரு பழமும் ஒரு ராஜ்ஜியம். பஞ்சாப், நாக்பூர், சதாரா, ஜான்சின்னு ஒண்ணொண்ணா வாய்க்குள்ள போகுது. மிச்சம் அவத் மட்டும்தான், அதாவது லக்னோ.

நல்லாச் சிரிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அந்தச் செர்ரி ராயோட கற்பனையே இல்லை. அவத் ஒரு செர்ரிப் பழம், ஒருநாள் நம்ம வாயில வந்து விழும்னு டல்ஹௌசியே கடிதத்துல எழுதியிருக்கார். ராய் அதை அப்படியே படமா வரைய வெச்சார். ஒரு வசனமாச் சொல்லியிருந்தா காதுல விழுந்து போயிருக்கும். வரைஞ்சு காட்டினதும், ஒரு ஆள் அடுத்தவன் நாட்டைத் தின்பண்டமாப் பார்த்தது கண்ணுக்குத் தெரியுது.

ஆனா ஒண்ணு உறுத்துச்சு. அந்தத் தட்டுல நம்ம பக்கத்துப் பழம் இல்லை. தஞ்சாவூர் அரசையும் ஆற்காட்டு நவாப் பட்டத்தையும் கம்பெனி ஒழிச்சது 1855-ல், லக்னோவுக்கு முந்தின வருஷம். அதே டல்ஹௌசி காலம். நேரடி ஆண் வாரிசு இல்லைங்கிற காரணம்.

ஆற்காட்டுப் பழம் பழுக்க ஆரம்பிச்சதே எங்க ஊர்லதான். 1751-ல் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ள முற்றுகையில மாட்டிக்கிட்டார். காப்பாத்த வந்தது கம்பெனி. 1752-ல் பிரெஞ்சுப் படை சரணடைஞ்சது இதே ஸ்ரீரங்கம் தீவுல. நவாப் ஜெயிச்சார், கம்பெனிக்குக் கடன்காரர் ஆனார். 1801-ல் அவர் வம்சத்துக்கிட்ட இருந்து ஆட்சி போச்சு, 1855-ல் பட்டமும் போச்சு.

தெப்பக்குளம் பக்கத்துல கிளைவ் பேர்ல ஒரு கல்லூரி விடுதி இருக்கு. அந்த வழியா ஆயிரம் தடவை போயிருப்பேன். ஏன் அந்தப் பேர்னு ஒருநாளும் கேட்டதில்லை. சதுரங்கம் ஆடின அந்த ரெண்டு பேரைப் பார்த்துச் சிரிச்ச நானும் பலகையை விட்டு நிமிரலைதான்.

அனிமேஷன் படிக்கிறவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா ஒரு வேண்டுகோள். மலைக்கோட்டையை நிஜமா படம் பிடிங்க. அது மேல அந்த விட்டுப்போன பழத்தை வரைங்க. முதல் ஆளா நான் பார்க்குறேன்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.