பூச்சியத்தைக் கடக்கும் நாட்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றி ஏதாவது பேசும்படி கேட்டிருந்தார்கள். நாங்கள் ரொறன்ரோவின் பனிக்காலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

ஊரில் காற்றை வைத்தே மாதத்தைச் சொல்லிவிடுவோம். வாடை தொடங்கினால் மழை. சோளகம் எழும்பினால் புழுதி. வந்த காற்று மாதக்கணக்கில் நிற்கும். புவியியல் பாடத்தில் தென்மேற்கு, வடகீழ்ப் பருவக்காற்றுகளுக்கு அம்புக்குறி போட்டுப் படித்த எங்களுக்கு, ஒரே கிழமைக்குள் மைனஸ் 15, பிளஸ் 5, மழை, திரும்பவும் மைனஸ் 10 என்று மாறும் ஒரு ஊர் கற்பனையிலும் இருக்கவில்லை. வடதுருவத்துக் குளிர்காற்றும் மெக்சிக்கோ வளைகுடாவில் இருந்து ஏறிவரும் ஈரச் சூடும் இந்தப் பெரிய ஏரிகளுக்கு மேலே மோதிக்கொள்கின்றன. எது வெல்லுகிறதோ, அன்றைய நாள் அதனுடையது.

புதிதாக வருகிறவர்கள் மைனஸ் 20க்குத்தான் பயப்படுவார்கள். அன்றைக்குப் பனி காய்ந்து, காலுக்குக் கீழே நொறுநொறுவென்று இருக்கும், சப்பாத்து பிடிக்கும். பயப்பட வேண்டியது பூச்சியத்தைக் கடக்கும் நாளுக்கு. பகலில் உருகிய தண்ணீர் பொழுதுபட்டதும் கண்ணாடி போல உறையும். பார்த்தால் நனைந்த தார் றோட்டு. கால் வைத்தால்தான் தெரியும். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து மரங்கள் முறிந்து, ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்ததை இங்கே இருக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அதுவும் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையின் வேலைதான்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறோம். சில வருடங்களுக்கு முன், தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். காலையில் பிளஸ் 4, தூறல். “இண்டைக்குக் குளிரில்லைப் பிள்ளை” என்றார் அம்மா. நாங்களும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனோம். பின்னேரம் குப்பை போட வீட்டுச் செருப்போடு படியிறங்கியவர் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முள்ளுக்கரண்டி போல வளைந்திருந்தது. டப்ளினைச் சேர்ந்த ஏப்ரகாம் கொலிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1814இல், எக்ஸ்ரே கண்டுபிடிக்க முதலே, விவரித்து எழுதிய முறிவு அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடிக்கடி வருவது. நோயாளர்களில் எத்தனையோ தரம் பார்த்ததுதான். ஆனாலும் அன்றைக்கு எங்களுக்குக் கை நடுங்கியது.

எலும்பு ஆறு கிழமையில் பொருந்திவிட்டது. பிழை விட்டது அதற்குப் பிறகு. “இனி மாரி முடியுமட்டும் வெளியில் கால் வைக்கப்படாது” என்று கட்டளை போட்டோம். மகளாகவும் சொன்னோம், டொக்டராகவும் சொன்னோம். அம்மா யாரை மறுப்பார்? இரண்டு மாரி உள்ளேயே இருந்தார். ஜன்னலடியில் இருந்து பகலில் தூங்கினார், இரவில் விழித்திருந்தார். ரெலிபோனில் மணிக்கணக்காகக் கதைக்கிறவர், “என்ன புதினம் இருக்கு, வையும்” என்று சொல்லத் தொடங்கினார். தொடைத் தசை மெலிந்தது. கடைசியில் ஒரு பங்குனி மாதம், ஐஸே இல்லாத வீட்டுக்குள், கம்பளத்தில் கால் தடக்கி விழுந்தார். நல்லகாலம், ஒன்றும் முறியவில்லை. ஆனால் அந்த விழுகைக்குக் காரணம் பனி இல்லை, நாங்கள்தான்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக யோசித்தோம். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் முள்ளுப்பட்டி வாங்கினோம். படிக்கு உப்பு. “ஆனையிறவிலை விளைஞ்சதெல்லாம் றோட்டுக்கே போகுது” என்பார் அம்மா. மைனஸ் 10க்குக் கீழே அந்த உப்பும் பெரிதாக உதவாது, மண் தூவ வேண்டும். நடக்கும்போது கை பொக்கற்றுக்குள் இருக்கக்கூடாது. சின்ன எட்டு, பாதத்தை முழுக்க வைத்து. மோசமான நாட்களில் அங்காடித் தொகுதிக்குள் நடை. அங்கே காலையில் எங்கள் ஆட்கள் சிலர் நடப்பார்கள், கதையும் கிடைக்கும். நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இங்கத்தைய வெயில் தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதாது, எங்கள் நிறத்துக்கு இன்னும் போதாது. ஆகையால் குடும்ப வைத்தியரிடம் அதையும், எலும்பின் அடர்த்தியையும் கேளுங்கள். அம்மாவுக்கு மட்டுமல்ல, நாற்பதைத் தாண்டிய எங்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த மண்டபத்தில் கார் ஓடுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் தெருவில் ஜன்னலடியில் இருக்கும் ஒரு அம்மாவைக் கிழமையில் ஒருநாள் நடக்கக் கூட்டிப் போவீர்களா? விருப்பமானவர்கள் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.

எங்கள் அம்மாவுக்கு இப்போது கைபேசியில் காலநிலை பார்க்கத் தெரியும். எத்தனை பாகை என்று பார்ப்பதில்லை. பிளஸ் எத்தனை மணிக்கு மைனஸ் ஆகிறது என்று மட்டும் பார்ப்பார். போன கிழமை கிளினிக்கில் நிற்கும்போது அழைப்பு வந்தது. “பிள்ளை, நாலு மணிக்கு மாறுதாம். கார் நிப்பாட்டுற இடத்திலை பார்த்துக் கால் வை.”