டைல்ஸ் பதிக்க முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



1977 கலவரத்துக்குப் பின் வன்னியில் குடியேறிய சொந்தக்காரர் நம்மில் பலருக்கு உண்டு. வற்றாப்பளை கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்குப் போய் வந்தவர்கள், "அங்க வீட்டுக்கு வீடு டைல்ஸ், நாமளும் போடணும்" என்கிறார்கள். ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் அந்த வீடுகள் எப்படி எழும்பின என்பதையும் பாருங்கள். 2009இல் யுத்தம் முடிந்து முல்லைத்தீவு மாவட்டத்துக்குத் திரும்பியவர்கள் முதலில் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்கள். பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கிடைத்தது. அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் முடிந்துதான் தரை. அந்தக் காசு போதாமல் கடன்பட்டவர்கள் அங்கே நிறையப் பேர்.

ஆகவே டைல்ஸ் வாங்க முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, தரை யாருடையது? லயத்துக் காம்பரா நம்ம பேரில் இல்லை. பதித்த டைல்ஸைக் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது. எனவே தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 7 பேர்ச் காணியில் வீடு உள்ளவர்கள் உறுதி கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, தரைக்கு அடியில் என்ன? வற்றாப்பளை நந்திக்கடலோரம். அந்தப் பக்கம் உவர்த் தண்ணீரில் சாந்து குழைத்தால் உப்புப் பூக்கும். நமக்கு எதிரி மலை ஈரம். ஒரு பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் ஒட்டிவிடுங்கள். மறுநாள் அடியில் தண்ணீர் முத்து நின்றால் டைல்ஸ் வேண்டாம். முதலில் வீட்டுக்குப் பின்னால் உள்ள கானை வெட்டித் துப்புரவாக்குங்கள்.

தரை காய்ந்திருந்தால் வேலையைத் தொடங்கலாம். 10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி. வெட்டில் வீணாவதற்குப் பத்தில் ஒன்று சேர்த்து 132 சதுர அடிக்கு வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே தொகுதி இலக்கம் இருக்கணும், இல்லாவிட்டால் நிறம் மாறும். சீமெந்துச் சாந்தில் பதிப்பதானால் சாதாரண செராமிக் டைல்ஸைத் தண்ணீரில் ஊறப்போட்டு, குமிழி நின்ற பின் எடுக்கணும். மூலைகளில் மட்டும் சாந்து வைக்கும் மேசனை விடாதீங்க. மறுநாள் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெறுமைச் சத்தம் கேட்டால் அதைக் கழற்றித் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் இடைவெளி பூசணும்.

மூன்றாவது, அதன்மேல் நடப்பது யார்? நான் போன ஒரு வீட்டில், மழையில் நனைந்து மலையில் இருந்து வந்த அக்கா, பளபளப்பான இஸ்தோப்பு டைல்ஸில் வழுக்கிக் கை முறிந்தது. இரண்டு மாதம் கொழுந்து எடுக்க முடியவில்லை, சம்பளமும் இல்லை. இஸ்தோப்புக்கும் குசினிக்கும் மலசலகூடத்துக்கும் சொரசொரப்பான டைல்ஸ்தான் வேண்டும். குளிக்கும் இடத்தில் தண்ணீர் வடிய அடிக்குக் கால் அங்குலம் சரிவு விடுங்கள்.

கடைசியாக ஒன்று. கிழமைக் கடன் வாங்கித்தான் போடணும் என்றால் ஒரு வருஷம் பொறுங்கள். நன்றாகப் பூசிய சீமெந்துத் தரையால் யாருக்கும் மரியாதை குறையாது. கையில் கொஞ்சக் காசுதான் என்றால் முதலில் மலசலகூடத்துக்குப் போடுங்கள். பிள்ளைகளின் சுகத்துக்கு அதுதான் முக்கியம். விருந்தாளி பார்க்கும் முன்னறை பிறகு.