வெளி வீதியைத் தாண்டிய பிறகு



காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் நம் அத்தாமார்கள் வாழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். திண்ணையில் உட்கார்ந்தால் தெருச்செய்தி முழுவதும் வந்து சேரும். கல்லாவில் பணம் குறைந்தால் பக்கத்துக் கடையில் கைமாற்று. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது.

இன்று வீடு புதூரில், வில்லாபுரத்தில், ஒத்தக்கடையில். கடை மட்டும் மாசி வீதியில். காலையில் கிளம்பி இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவர் அண்டை வீட்டார் முகத்தை எப்போது பார்ப்பார்?

ஊர் விரிவது புதிதல்ல. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகே வெளி வீதிகள் பிறந்தன. அன்று ‘வெளி’ என்றது இன்று ஊரின் நடு! 2011-இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் சேர, 72 வார்டு மாநகராட்சி 100 வார்டானது. வார்டுகளை அரசாணை சேர்த்துவிடும், வாசல்களை?

நமக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பவர்கள் உண்டு, மறைப்பானேன்? ஆனால் நாமும் சந்தாவைப் பழைய மஹல்லாவில் கட்டி, நிக்காஹ்வையும் அங்கேயே முடித்து, குடியிருக்கும் தெருவில் விருந்தாளியாகத்தானே இருக்கிறோம்? நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், காஜிமார் தெருவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருப்பீர்களா? ஆட்டோ பிடிக்க ஓடப்போகிறவர் எதிர்வீட்டுக்காரர்தான்.

அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா?