நயினாதீவுக் கல்லும் பராக்கிரமபாகுவின் மாளிகையும்



பாரிஸ் நகரின் நடுவே, செய்ன் ஆற்றிடைத் தீவொன்றில் பிரான்சு மன்னர்களின் மாளிகை இருந்தது. நான்காம் பிலிப் 1300களின் தொடக்கத்தில் அதைப் பெருப்பித்துக் கட்டினான். அதன் கீழ்மண்டபம் இன்றும் நிற்கிறது. ஏறக்குறைய 64 மீட்டர் நீளம். தூணுக்குத் தூண் கிளம்பி உச்சியில் கூர்ந்து கூடும் கோதிக் வளைவுகள். உள்ளே வந்தவனுக்கு அரசன் யாரென்பதை அந்தக் கற்களே சொல்லிவிடும்.

இலங்கை மன்னர்களும் அப்படிக் கட்டியவர்கள்தான். பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு எழுப்பிய மாளிகைக்கு ஏழு மாடி, ஆயிரம் அறை என்று சூளவம்சம் என்னும் வரலாற்று நூல் பெருமையோடு சொல்கிறது. 1153 முதல் 1186 வரை ஆண்ட அந்த மன்னனின் மாளிகையில் இப்போது மிஞ்சியிருப்பவை தடித்த செங்கற்சுவர்கள்.

அவனுடைய அதிகாரம் நம் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியை எப்படித் தொட்டது என்று அறிய, குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போகவேண்டும். நாகபூசணி அம்மன் கோயிலில் அவனுடைய ஆணை பொறித்த கல் இருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார். பொலன்னறுவை மன்னனின் ஆணை தமிழிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் யாரோடு பேசவேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஆணை, ஊராத்துறை பற்றியது. இன்றைய ஊர்காவற்றுறை. பல துறைகளிலிருந்தும் பரதேசிகள், அதாவது பிறநாட்டு வணிகர், அங்கே வந்து கூடவேண்டும், அவர்களுக்குக் காவல் உண்டு என்கிறான் மன்னன். அடுத்து வருவதுதான் முக்கியம். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்ற வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி.

ஏன் இந்த வேறுபாடு? யானை, குதிரை மீது தனக்கிருக்கும் நாட்டத்தை மன்னன் ஆணையிலேயே சொல்லிவிடுகிறான். குதிரை கடல் கடந்துதான் வரவேண்டும். படைக்கு அது இல்லாமல் முடியாது. ஆழங்குறைந்த, மணற்றிட்டு நிறைந்த இந்தக் கடலுக்குள் கலத்தைக் கொண்டுவரும் வணிகனுக்கு, நட்டம் வந்தாலும் முக்கால் பங்கு மிஞ்சும் என்ற உறுதி வேண்டாமா?

பாதிப் பங்கு பேராசை என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆனால் கரையில் உடைந்த கலத்தை முழுதாகப் பறிப்பது அக்காலத்து மன்னர் பலரின் வழக்கம். 1244இல் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் வெட்டிய சாசனம் அந்த வழக்கத்தை வெளிப்படையாகவே சொல்லி, இனித் தீர்வையைத் தவிர வேறெதுவும் எடுப்பதில்லை என்கிறது. அவனே பெருந்தன்மை மிக்கவன். ஆயினும் அவனுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே, அரசன் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று நம் கடலில் எழுதிவைத்தாயிற்று. ஆயிரம் அறை மாளிகையைவிட இந்தக் கல்லையே நான் பெரிதாக மதிக்கிறேன். அரசன் தன் கைக்குத் தானே எல்லை வகுத்த இடம் இது.

அம்மன் திருவிழாவுக்குப் போகிற நேயர்களே, தரிசனம் முடிந்து படகுக்கு ஓடுமுன் அந்தக் கல்லை ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர்காவற்றுறைப் பிள்ளைகளென்றால், அது தங்கள் துறைமுகத்தின் சட்டம் என்று சொல்லிக் காட்டுங்கள்.